மறை காத்தலும் அறத்தொடு நிற்றலும்

குடும்பத்துள் எழும் சிக்கலை இடைநின்று தீர்ப்பார்க்குக் கடமைகள் இரண்டு உள. ஒருவர் நம்பி உரைத்ததைப் பிறர்க்கு உரையாது காத்தல் ஒன்று. காத்தலே கேடாக முடியுமிடத்து அதனை வெளிப்படுத்தல் மற்றொன்று. இவை முரணுங்கால் எல்லை யாது? இவ்வினா இக்காலச் சட்டத்தார்க்கே உரியதென்பார் உளர். தமிழ் அகத்திணை மரபும் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளமையை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

தொல்காப்பியக் கற்பியல் தோழி, தாய், பாணன், விருந்தினர், அறிவர் முதலாகப் பன்னிருவரை வாயில்கள் என வகுக்கின்றது. தலைவன் தலைவி இருவர்பாலும் மகிழ்ச்சி விளைத்தலே எல்லா வாயில்கட்கும் பொருள் என்பது அந்நூலார் கருத்து. ஒருவர் பக்கமே சார்ந்து நிற்றல் வாயிலின் இயல்பன்று என்பது இதனாற் பெறப்படும்.

களவில் தோழியின் நிலை இதனினும் அரியது. தலைவியின் மறையை அறிந்தவள் அவளே. அம்மறையைத் தாயரிடமிருந்து காப்பவளும் அவளே. உரிய காலத்தன்றி அறத்தொடு நிற்றல் அவளுக்கு மரபன்று எனப் பொருளியல் வரையறுக்கின்றது. ஆகவே, மறை காத்தலே பொதுவிதி. வெளிப்படுத்தல் அதற்குப் புறனடை. வேற்றார் மணம் பேச வருதல், தலைவியின் மெலிவு கண்டு தாயர் வெறியாட்டு அயர்தல் முதலியன அப்புறனடைக்குரிய காலங்கள்.

வெளிப்படுத்தும் முறைக்கும் வரம்பு உண்டு. எளித்தல் முதலாக உண்மை செப்பல் ஈறாக அறத்தொடு நிலை எழுவகைப்படும். முழு உண்மையைக் கூறுதல் இறுதியில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. தேவையான அளவிற்கு மேல் மறையைத் திறத்தல் ஆகாது என்னும் குறிப்பு அதன்கண் அமைந்துளது என்று யாம் கருதுகின்றோம். கேட்போரும் வரையறுக்கப்பட்டனர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவர் என நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் முறைப்படுத்துகின்றது. அலரும் அறத்தொடு நிலையும் வேறுபடுமிடம் இதுவே. அலர் கேடு நீக்கும் கடமையில்லார் வாயிலாக ஊரெங்கும் பரவுவது. அறத்தொடு நிலை அக்கேட்டை நீக்க வல்லார் செவிக்கு மட்டும் செல்வது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் இத்துறையை விரித்துரைக்கின்றது. ஆண்டுத் தோழி, பகைகொண்ட இருபெருவேந்தரைச் சந்து செய்விக்க இடைநின்ற சான்றோரோடு தன்னை ஒப்பிட்டு, இருவகை அச்சத்தால் வருந்துவதாகச் செவிலியிடம் கூறுகின்றாள். தாயின் சினம் ஒருபுறம், தலைவியின் துயர் ஒருபுறம். வெளிப்படுத்தலாற் பழியுண்டோ என்னும் எண்ணம் தலைவியின் கூற்றாகவே வருதலின், மறைக்குரியவளின் இசைவு முந்துகின்றது; தோழியின் சொல் அதனைப் பின்தொடர்கின்றது.

அகப்பாடல்கள் புலனெறி வழக்கன்றி நிகழ்ச்சிப் பதிவுகள் அல்ல. அவற்றைக் கொண்டு அக்கால மன்றங்களின் நடைமுறையைத் துணிதல் பொருந்தாது. ஆயினும், ஒரு சமுதாயம் எதனைத் தகுதியெனக் கருதியது என்பதற்கு அவை சான்றாகும்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், தரப்பினருள் ஒருவர் விரும்பினும் வழக்கைப் பிறர் அறியாவாறு மூடிய அறையில் நடத்தல் வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இந்திய சமரசச் சட்டம், சமரசப் பேச்சின் மறைகாப்பை விதியாக்கிக் குடும்ப வன்முறை, குழந்தைக் கொடுமை முதலியவற்றைப் புறனடையாக விலக்கியது. பொதுவிதியும் புறனடையும் என்னும் அமைப்பு ஈரிடத்தும் ஒன்றே. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பது எம் கருத்தன்று. இடைநிற்பார்க்கு உரிய இடர் எக்காலத்தும் ஒன்றாதலின் விடையும் ஒத்தது.

அறத்தொடு நின்றும் சுற்றத்தார் உடன்படாவிடின் உடன்போக்கு நிகழ்தலை நம் மரபு மறைக்கவில்லை. உண்மை கூறினும் இடைநிற்றல் தோற்பதுண்டு. அத்தோல்வியை அறிந்தும் தோழி பேசுகின்றாள். மறையைத் திறக்கும் அச்செயலுக்கு ‘அறம்’ என்னும் பெயரை முன்னோர் சூட்டியதன் காரணம் இதனால் விளங்கும்.