குடும்பங்கள் பெற்றெடுத்த பரிசோதனை

மார்பகப் புற்றுநோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மாற்றம் ஒருவருக்குப் பெற்றோர் வழியாக வந்திருக்கிறதா என்பதைக் கொஞ்சம் ரத்தம் எடுத்து இன்று சொல்லிவிட முடிகிறது. டாக்டர்கள் எழுதித்தரும் பிஆர்சிஏ பரிசோதனை இதுதான். விஞ்ஞானிகளின் சாதனை என்று இதன் கதையைச் சொல்வது வழக்கம். என் பார்வையில் இதைப் பெற்றெடுத்தவை சில குடும்பங்கள். வீட்டில் யாருக்கு, எந்த வயதில் நோய் வந்தது என்று மறைக்காமல் சொல்லி, கேட்டபோது ரத்தமும் கொடுத்த குடும்பங்கள்.

1866-லேயே பிரெஞ்சு மருத்துவர் பால் புரோகா, தன் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்களைப் புற்றுநோய் தாக்கியதை எழுதி அச்சிட்டிருந்தார். ஆனால் நூறு ஆண்டுகள் கழிந்தும் மரபணுதான் காரணம் என்று யாராலும் நிறுவ முடியவில்லை. மார்பகப் புற்றுநோய் பலருக்கும் வரக்கூடியது. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? 1970-களில் ஆய்வாளர்கள் பலர் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் கணிதம் படித்துவிட்டு மரபியலுக்கு வந்த மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் 1,579 குடும்பங்களின் விவரங்களைக் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். நூற்றில் நான்கு குடும்பங்களில் மட்டும், வலுவான ஒற்றை மரபணு தலைமுறைதோறும் கைமாறி வருவதாகக் கொண்டால்தான் கணக்குப் பொருந்தியது. 1988-ல் அதை வெளியிட்டார்கள். மரபணு இருந்தாக வேண்டும், எங்கே இருக்கிறது?

அதைத் தேட வம்சவரைபடங்கள் வேண்டியிருந்தன. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவருக்கு அதைக் கறுப்பாக நிரப்புவார்கள், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. தாளில் இருப்பது அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு கறுப்பு வட்டத்தையும் சொல்ல ஒரு மகளோ தங்கையோ பழைய துக்கத்தைக் கிளற வேண்டியிருந்தது. 23 பெரிய குடும்பங்கள் அப்படிச் சொன்னன. அவற்றில் 146 பேருக்கு நோய் வந்திருந்தது. 329 உறவினர்கள் ஆய்வில் பங்கேற்றார்கள்.

குரோமோசோம்களில் மைல்கல் போல இடம் காட்டும் அடையாளங்கள் உண்டு. நோய் வந்தவர்களிடம் எந்த அடையாளம் விடாமல் கூடவே வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகப் போட்டபோது விடை தெளியவில்லை. நோய் வந்த வயதை வைத்துக் குடும்பங்களை வரிசைப்படுத்தியதும் தெரிந்துவிட்டது: இளம் வயதிலேயே நோய் கண்ட குடும்பங்களில், 17-ஆம் குரோமோசோமின் ஒரே இடம் நோயோடு சேர்ந்தே வந்தது. ஆக, திறவுகோலாக அமைந்தது ‘அம்மாவுக்கு எத்தனை வயதில் வந்தது?’ என்ற கேள்விக்கு வீட்டார் சொன்ன பதில். 1990 அக்டோபரில் கிங் இதை அறிவித்தார். டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

அடுத்து உலகெங்கும் போட்டி. 1994-ல் யூட்டாவில் மார்க் ஸ்கோல்னிக் குழு மரபணுவையே பிரித்தெடுத்தது. அதுதான் பிஆர்சிஏ 1. மறு ஆண்டு, இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்ட்ராட்டன் குழு பிஆர்சிஏ 2-ஐக் கண்டது. அறுந்துபோகும் டிஎன்ஏ இழையைச் சரிசெய்வது இந்த மரபணுக்களின் வேலை. ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பிறவியிலேயே பழுதாக வந்து, ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டால், அங்கே பிழைகள் சேர்ந்து புற்றுநோய் உருவாக வழி பிறக்கிறது.

இந்த அறிவு ஒரு குடும்பத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பது 1992-லேயே தெரிந்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பரா வெபரும் பிரான்சிஸ் காலின்ஸும் ஆராய்ந்துவந்த ஒரு குடும்பத்தில், தனக்கும் வந்துவிடும் என்ற பயத்தில் ஒரு பெண் இரு மார்பகங்களையும் எடுத்துவிட நாள் குறித்திருந்தார். மரபணு கைக்கு வரும் முன்பே, குரோமோசோம் அடையாளங்களை வைத்து, அவருக்கு அந்த மாற்றம் வரவில்லை என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. சொன்னார்கள், அறுவை நின்றது. அதே குடும்பத்தில் இன்னொரு பெண், உறவு அப்பா வழி என்பதால் தனக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருந்தார். அவருக்கு மாற்றம் இருந்தது. உடனே எடுத்த மேமோகிராமில் சிறு கட்டியும் தெரிந்தது.

அப்பா வழி அத்தைக்கு வந்தது நமக்கு எப்படி வரும் என்று இன்றும் கேட்கிறார்கள். வரும். அம்மாவிடம் இருந்தாலும் அப்பாவிடம் இருந்தாலும், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய், பிஆர்சிஏ 1 என்றால் சுமார் 44 பேருக்கு, பிஆர்சிஏ 2 என்றால் சுமார் 17 பேருக்கு. அக்காவுக்கு ‘உண்டு’, தங்கைக்கு ‘இல்லை’ என்று வந்தால் தப்பித்தவளுக்கும் நிம்மதி கிடையாது. அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று குமைகிறாள். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோமே என்று தாய் உடைந்துபோகிறாள். யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில்லை என்பதை அந்த வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த மரபணுக்களுக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்ததால் பல ஆண்டுகள் அமெரிக்காவில் பரிசோதனை சில ஆயிரம் டாலர் விலையில் இருந்தது. இயற்கையில் உள்ள மரபணு யாருக்கும் சொந்தமாகாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பரிசோதனையை நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதே முறை. அவரிடம் உள்ள மாற்றம் தெரிந்துவிட்டால், உறவினர்களிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். ‘இல்லை’ என்று வரும் விடையையும் நம்பலாம். அதனால்தான் நோய் கண்ட அம்மாவோ அத்தையோ பேசுவது மற்றவர்களுக்குக் காவல். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று நம் வீடுகளில் அவர் வாயை அடைக்கிறோம். அதே பெண்ணின் உயிரைக் காக்கக்கூடிய செய்தி அவரிடம்தான் இருக்கிறது. அவர் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.