அப்பாவின் லேண்ட்மாஸ்டரும் 1942-ம்

  

காரைக்குடிப் பக்கம் சினிமா படப்பிடிப்பு புதிதல்ல. ஏவி.எம். நிறுவனம் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்து எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வெளிவந்தது. அடுத்த வருஷம் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. ஆனாலும் செட்டிநாட்டு வீடுகளைத் தேடிப் படக் கம்பெனிகள் இன்றும் வருகின்றன. வீட்டுக்கும் வாடகை உண்டு, பழைய காருக்கும் வாடகை உண்டு.

எங்களிடம் ஒரு லேண்ட்மாஸ்டர் இருக்கிறது. 1956 மாடல். அப்பா 1961-ல் இரண்டாம் கையாக வாங்கியது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு படக் கம்பெனியார் அதைக் கேட்டு வந்தார்கள். நாளுக்கு நாலாயிரம், மூன்று நாள். வீட்டு மாடி ஒழுகிக்கொண்டிருந்த சமயம். "குடுங்களேன், சும்மாதானே நிக்குது" என்றாள் என் மனைவி.

"என்ன கதை தம்பி?" என்று கேட்டேன்.

"1942 ஆகஸ்ட் போராட்டம் சார். வெள்ளைக்கார அதிகாரி இந்த வண்டியில வந்து இறங்குறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேண்ட்மாஸ்டர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசையை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தர்பாராவில் செய்த வண்டி. 1954-க்கு முன்னால் அந்த உருவமே உலகில் கிடையாது. 1942-ல் நம் ஊரில் ஓடியவை ஃபோர்டு, செவர்லே, ஆஸ்டின் போன்றவை. போர்க்காலம் என்பதால் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடின. உள்நாட்டில் உற்பத்தி செய்பவர்கள் மட்டுமே இருக்கலாம் என்று சுதந்திர இந்திய அரசு முடிவெடுத்த பிறகுதான் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அந்த இடத்தில் வளர்ந்தவைதான் ஹிந்துஸ்தான், பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு.

இதையெல்லாம் சொன்னேன். அந்தத் தம்பி சிரித்தார். "யாருக்கு சார் தெரியப்போகுது? கறுப்பா, உருண்டையா இருந்தாப் போதும்."

நான் பணத்தை வாங்கிக்கொண்டேன். அதுதான் உண்மை.

இரண்டாம் நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். வெள்ளைக்கார வேஷம் போட்டவர் என் அப்பாவின் வண்டியிலிருந்து இறங்கி, "சுடு" என்று கை காட்டினார். அப்பாவுக்கு 1942-ல் பதினாலு வயது. தேவகோட்டை நீதிமன்றம் எரிந்த புகையைக் கண்ணால் பார்த்தவர். திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை மீட்ட கதையை எங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சுதந்திர நாட்டில் செய்த வண்டி என்றுதான் அதைத் தினமும் துடைப்பார். அதில் வெள்ளைக்காரனை ஏற்றிவிட்டேனே என்று நெஞ்சு அடைத்தது. அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வண்டி ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தது. மாடி ஒழுகலும் நின்றது.

படம் வந்தது. வண்டி வந்த காட்சி நாலைந்து விநாடிதான். மறுவாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "சார், அது நம்ம லேண்ட்மாஸ்டர்தானே? அம்பத்திநாலுலதானே வந்துச்சு? எட்டாங் கிளாஸ்ல நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாய்யா" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்றாரே அந்தத் தம்பி! ஒருவனுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகும் இரண்டு கம்பெனிகள் கேட்டன. கதை எந்த வருஷம் என்பதுதான் என் முதல் கேள்வி. அறுபதுகளில் நடக்கும் கதைக்கு ஒருமுறை கொடுத்தேன், சந்தோஷமாக.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'வி.ஏ.' வரிசையில் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியை வணிகத்துக்கு ஓட்டக்கூடாது. வாடகை பேசும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வண்டியின் வருஷத்தையும் கதையின் வருஷத்தையும் ஒத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைவிடப் படத்தைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களில் ஏதாவது கார் நிற்கிறதா? இருந்தால், அது எந்த வருஷம் என்று பின்பக்கம் எழுதி வையுங்கள்.