மைல்கல்லா, பருவமா?

குழந்தையின் வளர்ச்சிக்கு 'மைல்ஸ்டோன்' என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்து நாற்பது வருடம் இருக்கலாம். அதற்கு முன்னால் "முகம் பார்த்துச் சிரிக்குது", "குப்புற விழுந்துடுச்சு", "வாசப்படி தாண்டிட்டான்" என்றுதான் பேசினோம். இப்போது நம் பிள்ளைகள் கைபேசியில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, "ஆறு மாசம் முடிஞ்சுது, இன்னும் உட்காரலையே" என்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நம்மைக் கேட்டால், "எல்லாம் தானா வரும், போ" என்கிறோம். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. இந்த மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மாதக் கணக்கு நமக்குப் புதிதல்ல. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டிலிருந்து தளர்நடை வரை பருவம் பருவமாகப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். அதன் பிறகு அது தனி இலக்கிய வகையாகவே நிலைத்துவிட்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றுதான் வேறுபடும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். மயிலாப்பூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். லா ஃபோந்தேனின் கதைகள் தலைகீழாகத் தெரியும், தமிழ் யாப்பு தெரியாது. மகன் பிறந்தது 1979 ஜனவரியில். அப்போது மத்திய அரசு ஊழியருக்குப் பிரசவ விடுப்பு 90 நாள். (1997-ல் 135 ஆயிற்று, 2008-ல் 180. எனக்கு எதுவும் பயன்படவில்லை!) அதனால் மூன்று மாதத்துக்கு மேல் அவன் செய்ததையெல்லாம் முதலில் பார்த்தவர்கள் மாமனாரும் மாமியாரும்தான். நான் சாயங்காலம் 5.45-க்குத்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். மாமா ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதியும் வைப்பார்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், "இன்னிக்கு உன் பிள்ளை செங்கீரை ஆடினாம்மா" என்றார். ஏதோ கீரை சமாசாரம் என்று நினைத்து, "என்ன மாமா?" என்றேன். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைத் தூக்கி அசைவது. அதுதான் செங்கீரை. குழந்தை டாக்டர்கள் ஐந்தாம் மாதத்தில் பார்ப்பதும் இதைத்தான்: தலை நிற்கிறதா, கையை ஊன்றி மார்பைத் தூக்குகிறதா என்று. தால் என்றால் நாக்கு. நாக்குப் புரளும் பருவம். சப்பாணி என்றதும் பலருக்கு '16 வயதினிலே' கமல்தான் நினைவுக்கு வருவார். இங்கே அது உட்கார்ந்து கைகொட்டுவது. ஒன்பதாம் மாதக் கணக்கு. கைகொட்ட வேண்டுமென்றால் இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டும். கை சும்மா இருக்கவேண்டுமென்றால் முதுகு தானாக நிற்கவேண்டும். புலவர்கள் சும்மா வரிசைப்படுத்தவில்லை, தரையில் குழந்தையைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அம்புலியும் அப்படித்தான். இன்னொருவர் விரல் காட்டும் திசையில் குழந்தை பார்க்கிறதா என்பதை இன்று டாக்டர்கள் மிகவும் முக்கியமாகக் கேட்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பாட்டியல் நூல்களுக்குள் மாதக் கணக்கு ஒத்துப்போவதில்லை. மூன்றில் தொடங்கி இருபத்தொன்று வரை ஒற்றைப்படை மாதங்கள் என்பது ஒரு கணக்கு. காப்பு இரண்டாம் மாதம், அம்புலி பதினெட்டாம் மாதம் என்பது இன்னொன்று. வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது.

பிரெஞ்சுக்காரர்களிடமும் ஒரு நோட்டுக் கதை உண்டு. பள்ளியில் புஃபோன் என்ற இயற்கை அறிஞரைப் படித்திருக்கிறேன். அவருடைய நண்பர் கெனோ தெ மோன்பெயார், 1759-ல் பிறந்த தம் மகனின் உயரத்தை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 1777 வரை விடாமல் அளந்து குறித்தார். புஃபோன் அதைத் தம் நூலின் இணைப்பில் அச்சிட்டார். ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரை தொடர்ந்து அளந்த முதல் பதிவு அதுதான் என்கிறார்கள். குழந்தை ஒரே வேகத்தில் வளர்வதில்லை, முதல் வருடத்தில்தான் ஓட்டம், பிறகு தணிகிறது என்பது அந்த எண்களிலேயே தெரிந்தது. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருப்பது ஒரு வருடத்தில் 75-ஐத் தொடும். பாதிக்குப் பாதி கூடுதல். அப்படியொரு வருடம் மறுபடி வாழ்நாளில் வருவதில்லை.

உயரத்தை அப்பா அளந்தார் என்றால், எடையை டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாரிஸில் 1892-ல் பியேர் பியூதேன் என்ற பிரசவ மருத்துவர், தம் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைத் திரும்ப வரவழைத்து எடை போட ஆரம்பித்தார். கெட்டுப்போன பாலால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக்கொத்தாகச் செத்த காலம். எடை குறைகிறதென்றால் ஆபத்து வருகிறது என்று அர்த்தம்.

எடை போட்டால் மட்டும் போதுமா? எதோடு ஒப்பிடுவது? நம் ஊர் டாக்டர்கள் பல காலம் ஒப்பிட்டது 'ஹார்வர்ட் அளவு' என்ற பாஸ்டன் குழந்தைகளின் எடையோடு. பிறகு 1977-ல் வந்த அமெரிக்க வரைபடத்தை உலக சுகாதார நிறுவனமும் எடுத்துக்கொண்டது. அதில் கைக்குழந்தைகளின் பகுதி ஒஹாயோ மாநிலத்து ஆராய்ச்சி ஒன்றிலிருந்து வந்தது. பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக எடை போட்டு, பிறகு கொஞ்சம் நிதானிக்கும். அது இயல்பு. புட்டிப்பால் கோட்டோடு ஒப்பிட்டால் நாலாம் மாதத்தில் பிள்ளை 'இறங்குவது' போலத் தெரியும். உடனே தாய்க்குக் கிடைக்கும் தீர்ப்பு: "உனக்குப் பால் போதல. டப்பா பால் ஆரம்பி."

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. ஒரு டாக்டர் நாலாம் மாதம் அட்டையைப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார். கொழுகொழுவென்று 'கிளாக்ஸோ பேபி'தான் அழகு என்று எல்லோரும் நினைத்த காலம் வேறு. ஆபீஸ் போகும் பெண்ணுக்கு டப்பா வசதியும்கூட. மாமியார் மட்டும், "சுறுசுறுப்பா இருக்கான், ஆறு துணி நனைக்கிறான், அப்புறம் என்ன போதல?" என்று ஒரே பிடியாக நின்றார். நான் காலையிலும் ராத்திரியிலும் கொடுத்தேன். நடுவில் பசும்பாலும் சத்துமாவுக் கஞ்சியும். ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கு, ஒரு வருடத்தில் மூன்று மடங்கு என்பார்கள். அவன் கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிட்டான். நம்மோடு வேலை பார்த்த எத்தனை பெண்கள் தங்களுக்குப் பால் இல்லை என்றே நம்பி அழுதார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. குறை அவர்களிடத்தில் இல்லை, பல பேருக்கு ஒப்பிட்ட கோட்டில்தான் இருந்தது.

அந்தக் கோட்டை மாற்ற 2006 வரை ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து ஆரோக்கியமாக வளர்ந்த குழந்தைகளை அளந்து புது வரைபடம் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லிக்காரர்கள். நல்ல வளர்ப்பும் சாப்பாடும் இருந்தால் டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் முதல் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்று தெரிந்தது. "நம்ம ஜாதகம், நம்ம உடம்பு வாகு" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி அடிபட்டுப்போயிற்று. ஒரு வயதில் நடு எடை பையனுக்கு 9.6 கிலோ, பெண்ணுக்கு 8.9 கிலோ. நடு என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே என்பதை மறக்கவேண்டாம். குழந்தை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, தன் கோட்டோடு போகிறதா என்பதே கேள்வி.

அதே ஆராய்ச்சியில், பிரேசில் நீங்கலாக ஐந்து நாடுகளில், உட்காருவது முதல் நடப்பது வரை ஆறு செயல்களையும் கவனித்தார்கள். இங்கேதான் நம் பிள்ளைகளின் தூக்கத்துக்கு மருந்து இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடந்தது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். ஒன்பது மாதத்துக்கும் மேலான இடைவெளி! நூற்றில் நாலு குழந்தைக்கு மேல் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நின்று நடந்துவிட்டன. மாமாவின் நோட்டில் எட்டாம் மாதத்தில் ஒரு வரி: 'தவழவில்லை. அமர்ந்தபடியே நகர்கிறான்.' தெருவே கவலைப்பட்ட சமாசாரம் அது. பதினாலாம் மாதம் நடந்தான். அமெரிக்காவின் அரசுப் பட்டியலிலிருந்து 2022-ல் தவழ்தலையே எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் 'மைல்கல்' என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிப்பதில்லை. மைல்கல் ஒரே இடத்தில் நடப்பட்டது; தாண்டினாயா, இல்லையா என்று கேட்கும். பருவம் என்றால் அதற்கு ஆரம்பம், நடு, முடிவு உண்டு. மழைக்காலம் பத்து நாள் தள்ளி வரலாம். ஆனால் கார்த்திகை முடிந்தும் ஒரு சொட்டு இல்லையென்றால் ஏரியைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். "தானா வரும்" என்று சொல்லும் நம் வயதுக்காரர்கள் கவனிக்கவேண்டியது இந்த முடிவைத்தான்.

1970-களில் என் செக்‌ஷனில் மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஒரு தோழி. அவளுடைய பெண் கைக்குழந்தையில் எல்லாக் குழந்தையும் போலச் சத்தம் போட்டது, சிரித்தது. பிறகு மழலை வளரவில்லை. "அவ அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்" என்றது வீடு. மூன்றே கால் வயதில்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் சத்தம் எழுப்பும், அதுதான் ஏமாற்றிவிடும். 'பாபாபா', 'தத்தத்தா' என்று அடுக்கிச் சொல்லும் மழலை ஆறேழு மாதத்தில் வரவேண்டியது, காது கேட்டால்தான் ஒழுங்காக வரும். தாலப் பருவம் கடந்து பத்து மாதமாகியும் நாக்குப் புரளவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது என்று அன்று சொல்ல ஆளில்லை.

அடையாறில் பால வித்யாலயா 1969-லேயே ஆரம்பித்திருந்தது. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்காகவே உள்ள பள்ளி, தாயையும் கூட உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். தோழி அங்கே போனாள். மதியம் வரை லீவு போட்டுவிட்டு அரை நாள் ஆபீஸ் வருவாள். சம்பளத்தில் பிடித்தம் விழுந்தபடியே இருக்கும். "ஒரு வயசுல கொண்டு வந்திருந்தா எவ்வளவோ சுலபம்னாங்கடி" என்று ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

அந்த 'ஒரு வயசு' என்ற எண்ணம் தென் சென்னையில் வேரூன்றியது அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில். மூளை வாதம் உள்ள தம் மகனை வளர்த்த பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கியதுதான் இன்றைய கோட்டூர்புரம் வித்யா சாகர். தி.நகரில் ஜி.என். செட்டி சாலையில் மதுரம் நாராயணன் மையம் 1989-ல் வந்தது. அவர்களுடைய 'உபநயன்' முறையில் இரண்டு வயது வரைக்குமான 250 செயல்கள் பட்டியலாக இருக்கும். உடல் அசைவு, தன் வேலை, பேச்சு, அறிவு, பழகுதல் என ஐந்து பிரிவு, பிரிவுக்கு 50. தாயும் குழந்தையும் சேர்ந்து ஒவ்வொன்றாக ஏறுவார்கள். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-ல் அதைவிடச் சுருக்கமாக ஒன்று செய்தார்கள். ஒரே தாள், 17 செயல்கள். குழந்தையின் வயதில் பென்சிலை நிமிர்த்தி வைத்தால், பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக விழும் செயல்களை அது செய்திருக்கவேண்டும். பெரிய படிப்பு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

இப்போது பல ஆஸ்பத்திரிகளில் பிறந்த இரண்டொரு நாளிலேயே குழந்தையின் காதைச் சோதிக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் செய்தார்களா என்று கேளுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் மாதத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். பாதிக் கவலை போய்விடும். ஐந்து மாதமாகியும் தலை நிற்காதது, பத்து மாதமாகியும் உட்காராதது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இவற்றுக்கெல்லாம் அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். வந்த செயல் எந்த வயதில் மறைந்தாலும் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.