ஊழியமும் ஊதியமும்

ஊதியம் கருதாது உழைப்பதை உயர்ந்த அறமாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. பள்ளிவாசல், மதரசா, அறக்கட்டளை என எங்கும் 'கித்மத்' என்னும் சொல் மதிப்போடு ஒலிக்கிறது. ஆயினும், பட்டம் பெற்று வரும் இளைஞர்களிடம் 'அனுபவம் கிடைக்கும், நன்மையும் கிடைக்கும்' என்று கூறி மாதக்கணக்கில் ஊதியமின்றி வேலை வாங்குவதற்கும் அச்சொல்லே திரையாகுமானால், நம் மரபு இதனை எவ்வாறு நோக்கியது என ஆராய்வது கடமையாகிறது.

மத்யன் நீர்த்துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்கு மூஸா (அலை) அவர்கள் நீர் புகட்டியது கூலி எதிர்பாராத உதவி. ஆனால் அப்பெண்களின் தந்தை அதனை இலவசமாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி வழங்குவதற்காக மகளை அனுப்பி அழைத்தார் (28:25). பின்னர் அவர் பேசிய ஒப்பந்தத்தில் எட்டாண்டுகள் கடமை. பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் (28:27). கடமை எங்கு முடிகிறது, தொண்டு எங்கு தொடங்குகிறது என்பது வேலைக்கு முன்பே வரையறுக்கப்பட்டது.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பணிக்கும் நபிமொழி இப்னு மாஜாவில் உள்ளது. வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்று புகாரியின் அறிவிப்பு எச்சரிக்கிறது.

தாமே முன்வந்து கூலியை மறுப்பவர் நிலை என்ன? உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்து (634–644) நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. பொதுப்பணி புரிந்த அப்துல்லாஹ் இப்னு ஸஅதீ (ரலி) அவர்கள், தமக்கு வசதி இருப்பதால் தம் உழைப்பு முஸ்லிம்களுக்குத் தர்மமாகட்டும் என்று ஊதியத்தை மறுத்தார்கள். கலீஃபா அதனை ஏற்கவில்லை. தாமும் முன்னர் அவ்வாறு மறுத்தபோது, முதலில் பெற்று உடைமையாக்கிக்கொண்டு பின்னர் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை எடுத்துரைத்தார்கள். ஊதியம் உழைத்தவரின் உடைமையான பின்னரே அவர் அதனை ஈகையாகக் கொடுக்க முடியும். அன்றியும், வசதியுள்ளோர் கூலியின்றி உழைப்பதே வழக்கமாகிவிட்டால், வசதியற்ற தகுதியாளர் அப்பணியை அணுகவே இயலாது.

குர்ஆன் கற்பித்தலுக்குக் கூலி பெறலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் முற்கால இமாம்களின் தீர்ப்பு. அன்று ஆசிரியர்களுக்குப் பைத்துல் மாலிலிருந்து மானியம் கிடைத்தது. அது நின்றபின், ஊதியமின்றேல் கல்வியே அழியும் என உணர்ந்த பிற்கால அறிஞர்கள் கூலியை அனுமதித்தனர். ஹிஜ்ரி 593இல் (1197) மறைந்த மர்கீனானியின் 'ஹிதாயா' இம்மாற்றத்தைப் பதிவு செய்கிறது. ஷாஃபிஈ மத்ஹபோ இக்கூலியை அனுமதித்தே வந்துள்ளது.

பயிற்சியாளர் பற்றிய தெளிவான சட்டத்தை, உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா'வில் காண்கிறோம். அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையிலான அறிஞர் குழு தொகுத்த நூல் இது. கூலி பேசாமல் ஒருவர் வேண்டியதன்பேரில் வேலை செய்தவர், கூலிக்கு உழைப்பவராயின் அவருக்கு 'அஜ்ருல் மிஸ்ல்', அதாவது அத்தகைய வேலைக்குரிய நியாயமான கூலி, சேர வேண்டும். அவ்வாறு உழைப்பவரல்லராயின் உரிமையில்லை. தொழில் கற்க ஆசானிடம் விடப்பட்ட சிறுவனுக்காகக் கூலி எதுவும் பேசப்படாமல், பின்னர் வழக்கு எழுந்தால், ஊர் வழக்கமே தீர்ப்பாகும். கற்பித்தலும் ஓர் உழைப்பே என்பதால், அதற்குரிய கூலியை ஆசானும் கேட்க இடமுண்டு. எனவே ஊதியமற்ற பயிற்சி அனைத்தும் அநீதி என்று நம் மரபு கூறவில்லை. கற்பித்தல் பெயரளவில் நின்று, உழைப்பு மட்டும் மெய்யாகும்போதே அநீதி பிறக்கிறது.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டம், அதன்கீழ் ஒப்பந்தமான பயிற்சியாளருக்கு உதவித்தொகை வழங்கக் கட்டளையிடுகிறது. அவ்வொப்பந்தமின்றி 'பயிற்சி' என்ற பெயரில் நடப்பவை பல அதன் காப்புக்கு வெளியே நிற்கின்றன. அங்கு சட்டம் கேளாவிடினும், மறுமையின் கேள்வி உண்டு.

ஆகவே நம் நிறுவனங்கள் பணி தொடங்குமுன்பே ஊதியத்தையும் காலத்தையும் எழுத்தில் வரையறுக்கட்டும். உரியதை முதலில் இளைஞரின் கையில் கொடுக்கட்டும். அதனைத் திருப்பித் தருவதும் தராததும் அவர் விருப்பம். உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி அதுவே.