துரை சைக்கிள்

பீர்மேடு தாலுகாவின் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடம் வாய்மொழி வரலாறு சேகரிக்கத்தான் ஏலப்பாறைக்குப் போயிருந்தேன். சைக்கிளைத் தேடிப் போகவில்லை. ஒரு தொழிலாளர் லயத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் விறகுக்கு மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து கேட்டுக்கு அடிக்கும் பச்சை பெயின்டை அதற்கும் பூசியிருந்தார்கள். பெயரும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை.

"துரை சைக்கிள் சார். எங்கப்பா பங்களாவுல வேலை பாத்தப்போ துரை குடுத்தது" என்றார் வீட்டுக்காரர்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: "வெள்ளைக்காரத் துரை கொடுத்த சைக்கிள். 1947-க்கு முன்பு?"

எழுதி முடித்ததுமே உறுத்தியது. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், முன்னால் மூன்று பல்சக்கரம். எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடையில் நின்ற ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ.க்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது மலைச் சைக்கிள். அந்த இனத்துக்கே ஐம்பது வயதுதான் ஆகிறது. கலிஃபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விடத் தொடங்கியது 1976-இல். அதற்கென்றே ஜோ பிரீஸ் ஒரு பிரேம் செய்தது 1977-இல். பெரிய அளவில் தொழிற்சாலையில் செய்து விற்ற முதல் வண்டியான ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் வந்தது 1981-இல். அப்படியிருக்க 1947-க்கு முன்பு ஏது மலைச் சைக்கிள்? குடும்பக் கதை பொய்யா என்ற சந்தேகத்தோடுதான் துப்புத் துலக்க இறங்கினேன்.

பழைய சைக்கிளின் வயதை பெயின்டிடம் கேட்கக் கூடாது, பாகங்களிடம் கேட்க வேண்டும். முதல் சாட்சி பின் பிரேக். அது சீட்டுக்குக் கீழே வழக்கமான இடத்தில் இல்லை. பெடல் அச்சுக்குப் பின்னால், கீழ்க்கம்பிகளின் அடியில் இருந்தது. எண்பதுகளின் பிற்பாதியில் சில வருடங்கள் மட்டும் ஓடிய மோஸ்தர் இது. சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் அங்கேதான் போய் அடைந்துகொள்ளும் என்பதால் சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். ஏலப்பாறை மழையில் இந்த வண்டி ஏன் விறகுக்கு மேலே ஏறியது என்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது சாட்சி கியர். பின் கியரைக் கழற்றித் துடைத்தபோது ஷிமானோ என்ற பெயர் தெரிந்தது. அதன் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்துகள்: எம், இ. ஷிமானோ தன் பாகங்களில் தேதியை இப்படித்தான் ஒளித்துவைக்கும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1976-ஐ 'ஏ' என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் பதின்மூன்றாவது எழுத்தான 'எம்' 1988. 'இ' என்றால் மே மாதம். ஆனால் கியர் மாற்றக்கூடிய பாகம். ஒரே ஒரு பாகத்தை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. கிராங்கின் உட்புறத்தைச் சுரண்டினேன். அங்கேயும் 'எம்'. இரண்டு சாட்சிகள் ஒரே வருடத்தைச் சொன்னால் ஓரளவு நம்பலாம்.

இனி செய்தவர் யார்? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிரேமில் அடித்திருந்த எண்ணைத் தேடினோம். 'என்' எழுத்தில் தொடங்கியது. அடுத்து இன்னொரு எழுத்து, பிறகு 8. தலைக்குழாயில் தின்னர் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்ததில் பச்சைக்கு அடியிலிருந்து ஒரு பறவையின் தலை எட்டிப் பார்த்தது. "கொக்கு!" என்றான் வீட்டுப் பையன். கொக்கு அல்ல, நாரை. இங்கிலாந்தின் ராலி நிறுவனத்தின் சின்னம்.

1885-இல் நாட்டிங்ஹாம் நகரின் ராலி தெருவில் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கியது அந்த நிறுவனம். எழுபதுகளிலிருந்து வந்த ராலி எண்களில் முதல் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். 'என்' என்றால் நாட்டிங்ஹாம். எழுத்துகளை அடுத்து வருவது வருடத்தின் கடைசி இலக்கம். அப்படியானால் இந்த 8 என்பது 1978-ஆ, 1988-ஆ? 1978-இல் மலைச் சைக்கிள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவையும் கலிஃபோர்னியாவில். ராலி இந்த வியாபாரத்தில் இறங்கியதே எண்பதுகளின் நடுவில்தான். ஷிமானோவின் 'எம்' அந்த வழக்கை முடித்துவைத்தது. நாட்டிங்ஹாம், 1988.

இதில் நம் ஊருக்கும் ஒரு உறவு உண்டு. பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவை ராலி வாங்கியது 1957-இல். ஹெர்குலிஸை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் ராலியும் 1960-இல் ஒன்றாயின. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு முருகப்பா குழுமம் கைகோத்து 1949-இல் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரில் அது செய்த ஹெர்குலிஸ்தான் எங்கள் ஊர் வாடகைக் கடையில் நின்றது. ஒட்டும் உறவும் இல்லை என்று நான் நினைத்த வண்டி பங்காளி வீட்டு வண்டியாகப் போய்விட்டது.

வெற்றிக் களிப்போடு வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "வண்டி வெள்ளைக்காரன் நாட்டு வண்டிதான். ஆனா வெள்ளைக்காரத் துரை காலத்து வண்டி இல்லீங்க. 1988-ல செஞ்சது."

அவர் குழம்பிப்போய் உள்ளே பார்த்தார். அடுப்படியிலிருந்து அவருடைய அம்மா வெளியே வந்தார். "வெள்ளைக்காரத் துரைன்னு யாருப்பா சொன்னா? கோட்டயத்துக்காரத் துரை. அவுக தங்கச்சி சீமையில நர்சு. அதுதான் அனுப்பிவச்சுது. ரெண்டு மழைக்காலம் ஓட்டிப் பாத்துட்டு இவுக அப்பாகிட்ட குடுத்துட்டாரு."

தோட்டத்தில் மேனேஜர் என்றால் பெரிய துரை, உதவி மேனேஜர் என்றால் சின்னத் துரை. வெள்ளைக்காரர்கள் மலையிறங்கிப் போன பின்னும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், வாய்மொழி வரலாறு சேகரிக்க வந்த எனக்கு எட்டவில்லை. 'வெள்ளைக்கார' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லவே இல்லை. அது என் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

நோட்டைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "ராலி, நாட்டிங்ஹாம், 1988. கொடுத்தவர்: தோட்ட மேனேஜர். தகவல் சரி. கேட்டவர் தவறாகக் கேட்டார்."