மின்விசைப் படகு: முந்தி வந்ததும் பிந்தி நின்றதும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது என் பழைய மாணவர் ஒருவர் தம் சிறு அலுமினியப் படகைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் வார இறுதியில் தூண்டில் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. படகின் பின்பலகையில் புதிதாக ஒரு மின் மோட்டாரைப் பொருத்தியிருந்தார். கைப்பிடியைத் திருகியதும் படகு ஓசையின்றி நகர்ந்தது. “பெட்ரோல் இயந்திரம் பழசு, ஐயா. இதுதான் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு” என்றார் அவர். நானும் தலையசைத்தேன்.

வகுப்பறையில் பல ஆண்டுகள் நானும் அவ்வாறே சொல்லி வந்தவன்தான். முதலில் துடுப்பு, பின்னர் பாய், அதன்பின் நீராவி, அதன்பின் பெட்ரோல், எல்லாவற்றிற்கும் இறுதியில் மின்சாரம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருக்கிறேன். வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான் அந்த வரிசை பிழையென்று விளங்கியது. படகின் பின்புறத்தில் மாட்டவும் கழற்றவும் தக்க இயந்திரம் மின் இயந்திரமாகவே பிறந்தது. பெட்ரோல் இயந்திரம் அதற்குப் பல ஆண்டு இளையது. நான் கற்பித்த பிழையை நானே திருத்துவது கடமை என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நேவா ஆற்றில் முதல் முயற்சி

1838ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில், மொரிட்ஸ் யாக்கோபி என்னும் அறிஞர் மின்விசையால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றியவர் அவர். செலவுக்குப் பொருள் தந்தது ரஷ்யப் பேரரசு. ஏறத்தாழ 28 அடி நீளமுள்ள அப்படகு பத்துப் பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, பக்கச் சக்கரங்கள் சுழல, நடந்து செல்லும் மனிதனின் வேகத்துக்கும் குறைவாகவே சென்றது.

அன்று மின்னேற்றித் திரும்பப் பயன்படுத்தும் மின்கலம் இல்லை. துத்தநாகத் தகடுகள் அமிலத்தில் கரையும்போது பிறக்கும் மின்சாரத்தையே நம்பவேண்டியிருந்தது. நிலக்கரியை எரிப்பதைவிடத் துத்தநாகத்தைக் கரைப்பதற்குப் பன்மடங்கு செலவாயிற்று. ஆகவே முயற்சி அத்துடன் நின்றது. வழி சரியாக இருந்தும் வழிச்செலவுக்குப் பொருள் போதாமல் போனது என்று இதனைச் சொல்லலாம்.

சேன் ஆற்றில் ஒரு சுக்கான்

அடுத்த பெரும்படி 1881இல் பாரிஸ் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. குஸ்தாவ் துரூவே என்பவர் 1839இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் பிறந்த கருவித் தொழிலாளர். அவர் ஐந்து கிலோகிராம் எடையுள்ள ஒரு மின் மோட்டாரை அமைத்தார். அதனைச் சுக்கானின் தலையில் பொருத்தி, சங்கிலியால் சுழற்சியைக் கீழே இறக்கி, சுக்கானிலேயே பொருந்திய விசிறியைச் சுழலச் செய்தார். மோட்டாரும் சுக்கானும் விசிறியும் ஒரே பொருளாயின. வேண்டும்போது படகில் மாட்டலாம்; வேண்டாதபோது கழற்றிக் கையில் எடுத்துச் செல்லலாம்.

1881 மே மாதத்தில் சேன் ஆற்றில் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள படகொன்றில் இதனைச் சோதித்தார். படகுக்கு அவர் இட்ட பெயர் ‘தொலைபேசி’. அன்று தொலைபேசியே புதுமை அல்லவா! அதே ஆண்டு பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியிலும் அவருடைய படகு இடம்பெற்றது. இன்று என் மாணவர் படகில் மாட்டியிருக்கும் கருவிக்கு இதுவே மூதாதை.

இதே காலத்தில் மின்கலமும் வளர்ந்தது. காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்ட ஈய அமிலச் சேமக்கலத்தைக் காமில் ஃபோர் 1881இல் செம்மைப்படுத்தினார். மறு ஆண்டே லண்டன் தேம்ஸ் ஆற்றில் அந்தோணி ரெக்கன்சான் சேமக்கலத்தால் ஒரு படகை ஓட்டினார். 1886இல் அவருடைய ‘வோல்ட்டா’ என்னும் படகு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் பத்து லட்சத்துக்கும் மேலான மக்களை ஏற்றிச் சென்றன. மின்படகின் பொற்காலம் அது.

பெட்ரோலின் வெற்றி

அந்தப் பொற்காலம் நீடிக்கவில்லை. 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் படகின் பின்னால் மாட்டும் பெட்ரோல் இயந்திரத்தை விற்கத் தொடங்கினார். அவருக்குச் சற்று முன்னரே காமரன் வாட்டர்மன் என்பவரும் அத்தகைய இயந்திரத்தைச் செய்திருந்தார். ஆயினும் மக்களிடம் பெரிதும் பரவியது எவின்ரூடின் இயந்திரமே. துரூவே முடித்துக் காட்டி அப்போது 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெட்ரோல் ஏன் வென்றது? இதற்கு விடை எடைக்கணக்கில் உள்ளது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியுள்ளது. அதில் முக்கால் பங்கு வெப்பமாக வீணானாலும் மூன்று கிலோவாட் மணி கைக்குக் கிட்டும். ஒரு கிலோ ஈயச் சேமக்கலமோ ஒரு கிலோவாட் மணியில் நூற்றில் மூன்று, நான்கு பங்கைத்தான் தரும். தொலைதூரம் செல்ல வேண்டியவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லவும் வேண்டுமோ?

பகைவன் வீட்டிலிருந்து மீட்பு

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. பெட்ரோல் மோட்டார் வண்டியைக் கையால் சுற்றிக் கிளப்புவது அன்று கடினம், ஆபத்தும்கூட. சார்லஸ் கெட்டரிங் இதற்கு வழி கண்டார். 1912இல் கேடிலாக் வண்டிகள் ஒரு சிறு மின் மோட்டாரால் தாமே கிளம்பத் தொடங்கின. மின்சார வண்டியை வீதியிலிருந்து விரட்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. மின் மோட்டார் தன் பகைவனுக்கே பணியாளாயிற்று.

1934இல் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு ‘ஏ’ வகை வண்டியைக் கிளப்பும் அந்தச் சிறு மோட்டாரைக் கழற்றி எடுத்தார். அதனுடன் ஒரு தண்டையும் விசிறியையும் சேர்த்து, படகை நகர்த்தும் கருவியாக்கினார். பக்கத்து மாநிலமான மின்னசோட்டா ஏரிகள் நிறைந்த நாடு. இரு மாநிலங்களின் பெயர்களையும் இணைத்து, தம் தொழிலகத்திற்கு ‘மின் கோட்டா’ என்று பெயர் வைத்தார்.

இம்முறை மின் மோட்டார் வேகத்தில் போட்டியிடவில்லை. தூண்டிலை நீரில் விட்டு, படகை மெல்ல மெல்ல ஓட்டி மீனைக் கவரும் முறைக்கு வேகம் பகை, ஓசையும் பகை. பெட்ரோல் இயந்திரம் மெதுவாக ஓடினால் இருமும், புகையும், நின்றும் போகும். மின் மோட்டாரோ எவ்வளவு மெதுவாகச் சுழன்றாலும் உறுதியாகச் சுழலும். எந்த மென்மை முன்பு குறையாகக் கருதப்பட்டதோ, அதுவே இங்கே அதன் தகுதியாயிற்று.

அலுமினியத்தின் வருகை

அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டனர். இரண்டாம் உலகப்போரில் அந்த உலோகம் விமானங்களாயிற்று. போர்விமானம் செய்த குருமன் தொழிலகத்தின் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன், 1944இல் கனமான மரப்படகைத் தோளில் சுமந்து களைத்தபோது, இதனை அலுமினியத்தால் செய்தால் என்ன என்று எண்ணினார். போர் முடிந்ததும் அத்தொழிலகம் அலுமினியப் படகுகளைச் செய்யத் தொடங்கியது. மின்னசோட்டாவிலும் இத்தகைய தொழிலகங்கள் எழுந்தன. சிறு மோட்டாருக்கு ஏற்ற எடை குறைந்த படகு இவ்வாறு கிடைத்தது.

ஆனால் அலுமினியத்தோடு பழைய பாடம் ஒன்றும் திரும்பி வந்தது. இரு வேறு உலோகங்கள் நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் ஒன்று அரிக்கப்படும். இதை அறிந்த ஹம்ஃப்ரி டேவி, 1824இல் ஆங்கிலக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பலிகொடுத்துப் பார்த்தார். செம்பு காக்கப்பட்டது, ஆனால் பாசியும் சிப்பியும் மிகுதியாக ஒட்டிக்கொண்டன. அலுமினியப் படகிலோ அரிபடுவது படகேதான். ஆதலால் செம்பு, பித்தளைத் துண்டுகளை அதில் நேராகப் பொருத்தலாகாது. படகின் உடலையே மின்கம்பியாகக் கருதி எதிர்முனையை அதில் இணைக்கவும் கூடாது. இரு கம்பிகளும் சேமக்கலத்திற்கே திரும்ப வேண்டும். நேர்முனைக் கம்பியில், கலத்திற்கு அருகிலேயே, உருகுகம்பி இருத்தல் வேண்டும்.

இன்னொரு கணக்கும் தேவை. 100 ஆம்பியர் மணிச் சேமக்கலத்தைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். மோட்டார் 25 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரமே ஓடலாம். என் மாணவர் கரையிலிருந்து நெடுந்தொலைவு செல்லாதது இக்கணக்கை அறிந்துதான். இன்றைய லித்தியம் மின்கலம் எடையைப் பெரிதும் குறைத்துவிட்டது. அதற்கு அடித்தளமிட்ட மூவருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. யாக்கோபிக்கு அன்று கிட்டாத வழிச்செலவு இன்று கிட்டியிருக்கிறது.

முடிவாக ஒன்று

துரூவே 1902இல் மறைந்தார். சொந்த ஊரில் அடக்கமான அவருடைய கல்லறைக்கு உரிய உரிமை புதுப்பிக்கப்படாமையால், எலும்புகள் பொதுக்குழியில் சேர்க்கப்பட்டன. ஊர் மன்றத்தில் இருந்த அவருடைய ஏடுகளில் பெரும்பாலானவை 1980இல் தீக்கிரையாயின. 2012இல்தான் அவர் பிறந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

கல்லறை போனது, ஏடுகள் எரிந்தன. இனி அவர் வாழ வேண்டிய இடம் வகுப்பறைதான். ஆசிரிய நண்பர்கள் அடுத்த முறை கரும்பலகையில் அந்த வரிசையை எழுதும்போது, பெட்ரோலுக்கு முன்னே 1881 என்றும் துரூவே என்றும் எழுதுவார்களாக. நான் என் மாணவரை மீண்டும் சந்தித்துத் திருத்திச் சொல்லிவிட்டேன். அவர் தம் மோட்டாரைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, “அப்படியானால் இது என் தாத்தாவைவிட மூத்தது, ஐயா” என்றார்.