ஒன்பது டாலரும் ஒரு வளர்ச்சி விகிதமும்

மின்கட்டண மனுக்களுக்குக் கணக்குத் தயாரித்துக் கொடுக்கும் காஸ்ட் அக்கவுண்டன்ட் நான். கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றில் மாவு மில் வைத்திருப்பவர் எழுந்து, "முதல் போட்டவங்களுக்கு இத்தனை சதவீதம்னு யாருங்க முடிவு பண்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும் ஒரு சூத்திரத்தின் பழைய கதைக்குள் இழுத்தது.

கடனென்றால் வட்டி பத்திரத்திலேயே இருக்கும். பங்குதாரர் கையில் அப்படி எந்தச் சீட்டும் இல்லை. அவர் எதிர்பார்ப்பதை அவர் கொடுத்த விலையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

பங்கின் மதிப்பு என்பது அது இனித் தரப்போகும் டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்புதான் என்று 1938இல் புத்தகம் எழுதினார் ஜான் பர் வில்லியம்ஸ். பங்கு ஆய்வு வேலையில் இருந்து, 1929 சரிவைப் பார்த்தபின் மறுபடி ஹார்வர்டில் படிக்கப் போனவர். இயற்கணிதக் குறிகளைக் கண்டு பதிப்பகங்கள் ஒதுங்கின. அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்ற பிறகுதான் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது.

1956இல் மைரன் கார்டனும் எலி ஷாபிரோவும் அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். விலைதான் சந்தையில் தெரிகிறதே, அதைக்கொண்டு விகிதத்தைக் கண்டுபிடிப்போம் என்றார்கள். பங்கு 200 ரூபாய், அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 8 ரூபாய், அது ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும் என்றால், டிவிடெண்ட் விலையில் 4 விழுக்காடு; நாலும் ஆறும் பத்து. பங்கு மூலதனத்தின் செலவு 10 விழுக்காடு.

அந்த நாலில் தகராறு இல்லை. ஆறில்தான் எல்லாம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1920களின் தொடக்கத்திலிருந்து 1950களின் கடைசிவரை, பெருமந்தத்திலும்கூட, பங்குக்கு ஆண்டுதோறும் 9 டாலர் கொடுத்தது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் 1929இல் 300 டாலரைத் தாண்டிய அந்தப் பங்கு 1932இல் 70 டாலர் அளவுக்கு இறங்கியது. அதே ஒன்பது டாலர், ஒரு நாள் 3 விழுக்காடு, இன்னொரு நாள் 13. முன்னூறு கொடுத்தவர் மனதில் ஏதோ ஒரு வளர்ச்சி இருந்திருக்க வேண்டும். அதை எந்தப் பேரேட்டிலும் பார்க்க முடியாது.

கட்டணம் கட்டுப்படுத்தப்பட்ட நிறுவனத்தின் முதலுக்கு எவ்வளவு வருமானம் நியாயம் என்ற கவலை நீதிமன்றங்களுக்கு முன்பே வந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு குடிநீர் நிறுவன வழக்கில் 1923இலும், ஹோப் எரிவாயு வழக்கில் 1944இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இதே அளவு ஆபத்துள்ள தொழில்களில் கிடைப்பதற்கு ஈடாக, புது முதலை ஈர்க்கும் அளவுக்கு வருமானம் வேண்டும். ஹோப் நிறுவனம் 8 விழுக்காடு கேட்டது. கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையமோ 6.5 போதும் என்று கட்டணத்தை ஆண்டுக்கு 36 லட்சம் டாலருக்கு மேல் குறைத்திருந்தது. நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. ஆனால் 'ஈடானது எவ்வளவு' என்று கணக்கிடும் வழியை அது சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் கார்டனின் சூத்திரம் வந்து உட்கார்ந்தது. 1960களில் ஏடி அண்ட் டி கட்டண விசாரணையில் கார்டனே சாட்சி சொன்னார்.

வளர்ச்சியை அளக்கவும் அவரிடம் வழி இருந்தது. லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த பகுதியின் விகிதத்தை, அந்த முதல் ஈட்டும் விகிதத்தால் பெருக்கினால் போதும். நல்ல வழி. ஆனால் கட்டணம் கட்டுப்படுத்தப்பட்ட நிறுவனம் எவ்வளவு ஈட்டலாம் என்று சொல்வதே ஆணையம்தானே! ஆணையம் கொடுக்கும் விகிதத்திலிருந்து வளர்ச்சி, வளர்ச்சியிலிருந்து மறுபடி ஆணையம் கொடுக்க வேண்டிய விகிதம். சூத்திரம் இங்கே தன் வாலையே பிடித்துக்கொள்கிறது.

நம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009 விதிமுறைகளில் பங்கு மூலதனத்துக்கான அடிப்படை வருமானத்தை 15.5 விழுக்காடு என்று ஒரே எண்ணாக எழுதியது. ஆயிரம் கோடி பங்கு மூலதனத்துக்கு ஒரு விழுக்காடு என்பது ஆண்டுக்குப் பத்துக் கோடி. அது மின்கட்டண ரசீதில்தான் வந்து சேரும். மாவு மில்காரர் அன்று கேட்டது அந்தப் பத்துக் கோடியைப் பற்றித்தான்.